வெள்ளிக்கிழமை மீன் காய்ச்சலாமோ

மகளுக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை மன்னார் ஸ்டேசனில் கோச்சியால் இறங்கி, வீட்டுக்கு வந்து படலையைத் திறந்தேன். முற்றத்து மணலில் சிப்பி அடுக்கிக்கொண்டிருந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "அம்மா, ஆரோ வந்திருக்கினம்," என்றாள்.

குசினிக்குள் இருந்து மனைவி சிரித்தாள். வேப்பமரத்தின் கீழ் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மாமனார் வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொழும்பில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தேன். கொட்டாஞ்சேனையில் இன்னும் ஐந்து பேருடன் ஓர் அறையில் வாசம். மாதத்துக்கு ஒரு தடவை, சனியும் ஞாயிறும் மட்டும் ஊர். போன மாதம் மீசை வைக்கத் தொடங்கியிருந்தேன். அதனால்தான் பிள்ளைக்கு ஆளைத் தெரியவில்லை என்று மனைவி சமாதானம் சொன்னாள். அன்றைக்கே கிணற்றடியில் மீசையை வழித்தேன். மகள் வந்து பார்த்துவிட்டு, இப்போது வேறு ஒருவர் வந்திருப்பதாக அம்மாவிடம் அறிவித்தாள்.

அந்த இரண்டு நாளும் எல்லாரிலும் எரிந்து விழுந்தேன். அரசாங்கத்தில் கோபம், கோச்சியில் கோபம், மீசையில் கோபம். உண்மையில் வெட்கம். சொந்த வீட்டில் எனக்கு விருந்தாளிக் கோப்பையில் தேத்தண்ணீர் வந்தது. பத்து வருடத்தில் இடமாற்றம் கிடைத்து நான் ஊருக்கு வரும்போது அவள் பெரிய பிள்ளையாகி, வாசலில் நின்று கதிரையில் இருக்கச் சொல்வாள். அதை நினைக்கவே பயமாக இருந்தது.

ஞாயிறு பின்னேரம் புறப்படும்போது மனைவியிடம் சொன்னேன், கொழும்புக்குக் கிட்ட எங்காவது ஒரு வீடு எடுத்து உங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று. அவள் இதை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தவள் போல உடனே ஒரு தவணை வைத்தாள்.

"வாற தைக்குள்ள பாருங்கோ. தையில இவளைப் பள்ளிக்கூடத்தில விடவேணும். இஞ்ச கொன்வென்ரில விட்டிட்டன் எண்டால் பிறகு பிடுங்கி நடேலாது."

எனக்குக் கையில் பத்து மாதம் இருந்தது. கொழும்புக்குள் வீடு எடுக்கிற வல்லமை ஓர் எழுதுவினைஞருக்கு இல்லை. சுற்றிவரப் பார்க்கவேண்டும். எந்தச் சுற்று என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை மாமனார் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

மாமனார் இரண்டு வள்ளமும் ஒரு கரைவலையும் வைத்திருந்த சம்மாட்டி. கொழும்புக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, கண்ணுக்குக் கண்ணாடி வாங்கப் போனவர். அந்த அனுபவம் போதும் என்று நினைத்தார். அடுத்த மாதம் நான் ஒரு கடதாசியில் ஊர்ப் பெயர்களை எழுதிக்கொண்டு போனேன். அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அங்கே என்ன மீன் படும்?

நுகேகொடையில் கடல் இல்லை என்றேன். அவர் வலையில் இருந்து தலையை நிமிர்த்தி, கடல் இல்லாத இடத்தில் சனம் எதற்காக இருக்கிறது என்று உண்மையாகவே தெரியாமல் கேட்டார். மகரகம, கோட்டே, கொலன்னாவை எல்லாம் அந்த நிமிடமே வெட்டுப்பட்டன. வத்தளையில் கடல் இருக்கிறது என்று அவசரமாகச் சொன்னேன். அது களனி ஆறு கலக்கிற இடம், மீனில் சேற்று மணம் அடிக்கும் என்று வத்தளையையும் தள்ளினார். எஞ்சியது தெஹிவளை. அங்கே கரைவலை இழுக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் யோசித்து, தென்மேற்கால் வீசுகிற சோளகக் காற்றுக்கு வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்க்கும் என்று விசாரித்துக்கொண்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார்.

தெஹிவளை பார்க்கப் போனபோது என்னுடன் கந்தோர் நண்பன் ஒருவனும் வந்தான். சிலாவத்துறை முஸ்லிம், என் அறையில் பக்கத்துப் பாய்க்காரன். சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அங்கே சிங்களம் தேவைப்படவில்லை. கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு யாழ்ப்பாணத்து அம்மா தன் வீட்டின் பின்பகுதியை வாடகைக்கு விட இருந்தார். தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் திருநீறு, கையில் விசிறி, கண்ணில் பரீட்சை மண்டபத்துப் பார்வை. என்ன உத்தியோகம், எத்தனை பிள்ளைகள், குடிக்கிற பழக்கம் உண்டோ என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் சித்தியடைந்தேன். நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர் என்று சொன்னபோதும் அவர் முகம் மாறவில்லை. அது உங்கள் உங்கள் நம்பிக்கை, மற்ற நாட்களில் என்ன சமைத்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை என்றார். கடைசியாக விசிறியை நிறுத்திவிட்டு, "வெள்ளிக்கிழமை எப்பிடித் தம்பி?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு நான் பெருமையாகவே பதில் சொன்னேன். "வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சுத்தபோசனம் அம்மா. ஞானஸ்நானம் எடுத்த நாளில இருந்து ஒரு வெள்ளி தவறினதில்லை."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. வேதக்காரரிலும் இப்படி ஒழுங்கான குடும்பங்கள் இருக்கிறதா என்று மெச்சினார். வெளியே வந்ததும் நண்பன், நீ வேலைக்கான நேர்முகத்தில் கூட இப்படிப் பதில் சொல்லியிருக்க மாட்டாய் என்றான்.

இங்கே ஒரு விளக்கம் சொல்லவேண்டும். எங்கள் கத்தோலிக்கருக்குச் சுத்தபோசனம் என்றால் இறைச்சி தொடுவதில்லை. அவ்வளவுதான். மீன் அந்தக் கணக்கில் வராது. மன்னார்க் கரையில் இறைச்சி என்பது நத்தாருக்கும் கோயில் திருநாளுக்கும் கண்ணில் படுகிற பொருள். ஆகவே நாங்கள் வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் காப்பது மற்ற ஆறு நாளும் தின்பதையே ஏழாம் நாளும் தின்பதுதான். இன்னும் சொல்லப்போனால், வெள்ளிக்கிழமைக்கு நல்ல மீனாகப் பார்த்து எடுப்போம். நாள் விசேஷமான நாள் அல்லவா.

அந்தச் சைவ அம்மாவின் காதில் சுத்தபோசனம் என்ற சொல் வேறு மாதிரி விழுந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வருடக்கணக்காகப் பழகிய சட்டையைப் போல அந்தச் சொல்லைப் போட்டுக்கொண்டு திரிகிறவனுக்கு அதன் மறுபக்கம் எப்படித் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மனைவியும் மகளும் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். கூடவே மாமனாரும் வந்தார், காற்றைப் பரிசோதிக்க. மகள் ஒழுங்கையில் இறங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, இந்த ஊர்க் கழுதைகள் எல்லாம் எங்கே என்று கேட்டாள். மன்னாரில் ரோட்டுக்கு ரோடு கழுதை நிற்கும். அதுவே இல்லாத ஊரில் மனிதர் இருப்பார்கள் என்று அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. இரவில் அம்மாவும் மகளும் உள்ளறையில். நானும் மாமனாரும் பின்விறாந்தையில் பாய் விரித்துப் படுத்தோம். காற்று பரவாயில்லை என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுக் குறட்டை விட்டார்.

புதன்கிழமை மகள் என்னிடம் பேசவில்லை. வியாழக்கிழமை நான் கந்தோரால் வந்தபோது சப்பாத்தைத் தொட்டுப் பார்த்து, இது பாரமோ என்று கேட்டாள். பாரம்தான் என்றேன். தூக்கிப் பார்த்து, ஓம் என்று ஒத்துக்கொண்டாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை விடியக்காலையே மாமனார் தெஹிவளைக் கரைக்குப் போய்விட்டார். அங்கே கரைவலைக்காரரோடு கைப்பாஷையில் பேசி, ஒரு கை நீளத்துக்கு ஒரு பாரை மீனுடன் வந்தார். பின்னேரம் நான் வீட்டுக்கு வரும்போது ஒழுங்கை முனையிலேயே மணம் வந்தது. பாதி மீன் பாற்சொதி, மீதிப் பாதி பொரியல். அது போதாதென்று, ஊரில் இருந்து கொண்டுவந்த சீலாக் கருவாட்டையும் மாமனார் தணலில் வாட்டிக்கொண்டிருந்தார். முன்பக்கத்தில் வீட்டுக்கார அம்மா சாமியறையில் விளக்கேற்றித் தேவாரம் படிக்கத் தொடங்கியிருந்தார். இரண்டாவது தேவாரம் பாதியில் நின்றது.

அவர் பின்வாசலில் வந்து நின்றபோது முந்தானை மூக்கில் இருந்தது. சட்டி அடுப்பில் கொதித்தது. நான் அன்பாக, வாருங்கள், சாப்பிடலாம் என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

"தம்பி, வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் எண்டெல்லோ சொன்னீங்கள்?"

மனைவி முந்திக்கொண்டாள். "ஓம் அம்மா, சுத்தபோசனம்தான். இறைச்சி எண்டு ஒரு துண்டு இந்த வீட்டுக்குள்ள வரேல்ல."

அம்மா சட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். இந்த இடத்தில் நான் வாயைப் பொத்திக்கொண்டு, தெரியாமல் நடந்துவிட்டது, இனிமேல் வெள்ளிக்கிழமையில் பருப்பும் கீரையும்தான் என்று சொல்லியிருந்தால் அந்த வீட்டில் பத்து வருடம் இருந்திருப்போம். ஆனால் அவர் பார்த்த பார்வையில் நான் பொய் சொல்லி வீடு எடுத்தவன் என்று இருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. வாதாடத் தொடங்கினேன். எங்கள் வேதத்தில் மீன் மச்சத்தில் சேராது என்றேன். மச்சம் என்றால் ஆடு, மாடு, கோழி. மீன் அது வேறு சாதி என்றேன். ஒரு தமிழாசிரியைக்கு, விரலை நீட்டி, சொல்லுக்குப் பொருள் சொல்லிக் கொடுத்தேன்.

அவர் கோபப்படவில்லை. பின்வரிசை மாணவனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டு, "மச்சம் எண்டாலே மீன்தான் தம்பி," என்றார். மாதக் கடைசி மட்டும் இருக்கலாம், அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, மஞ்சள் தண்ணீர் கரைக்கப் போய்விட்டார்.

மாதக் கடைசி மட்டும் இருக்க மாமனார் விடவில்லை. மீன் காய்ச்சியதற்குக் குற்றம் பிடிக்கிற ஊரில் தன் பிள்ளை இன்னும் ஒரு நாள் இருக்கமாட்டாள் என்று கருவாட்டைக் கடதாசியில் சுற்றினார். சனிக்கிழமைக் கோச்சியில் மூன்று பேரும் ஏறிவிட்டார்கள். வழக்கமாகக் கோச்சியில் இருந்து கை காட்டுகிறவன் நான். அன்றைக்கு மேடையில் நின்றேன். மகள் யன்னலால் கை காட்டினாள். அழவில்லை. அவளுக்கு அது வழக்கமான விஷயம்தான், ஒரு மாமாவிடம் போய் வந்தது போல. என் வாய்க்கொழுப்பால் வந்த வினை என்பதை அந்த மேடையில் நின்றபடியே ஒத்துக்கொண்டேன்.

அதன் பிறகு நான் வீடு பார்த்த விதம் நண்பனுக்குப் பெரிய பொழுதுபோக்கு. சூடு கண்டவன் ஆகையால், எந்த வீட்டுக்குப் போனாலும் வணக்கம் சொன்ன கையோடு, வெள்ளிக்கிழமை மீன் காய்ச்சலாமோ என்பதுதான் என் முதல் கேள்வி. நண்பன் அதைச் சிங்களத்தில் மொழிபெயர்ப்பான். வீட்டுக்காரர் எங்களை இரண்டு தரம் பார்ப்பார். அது ஏன் குறிப்பாக வெள்ளிக்கிழமை? மற்ற நாட்களில் இவர்கள் என்ன செய்கிறார்கள்? ஹெந்தளையில் ஒருவர், மொத்த வியாபாரத்துக்கு மீன் அவிக்கப் போகிறோம் என்று முடிவுகட்டிக் கதவைச் சாத்தினார். ஜா-எலையில் ஓர் ஐயா, தானும் கத்தோலிக்கன்தான், வெள்ளிக்கிழமையில் மீன் காய்ச்சாமல் வேறென்ன காய்ச்சுவது என்று கேட்டார். நான் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. ஆனால் அவரிடம் வாடகைக்கு வீடு இல்லை, ரோட்டில் நின்ற மனிதர்.

ஊரில் இருந்து மாமனாரின் கடிதங்கள் வந்தன. ஒற்றைக்கோட்டுத் தாளில், கரைக்குக் கிட்டக் கடல் எத்தனை பாகம் ஆழம், அடியில் மணலா கற்பாரா என்று கேட்டிருந்தார். என் மகள் கடலில் ஓட வரும் வள்ளம் அல்ல என்று பதில் எழுதிக் கிழித்துப்போட்டேன். மன்னாருக்குப் போகிற ஒவ்வொரு மாதமும் மகள் வளர்ந்திருந்தாள். சப்பாத்துப் பாரம் அவளுக்கு மறந்துபோயிருந்தது. ஐப்பசி முடிந்தது. கொன்வென்ரில் பெயர் பதிய வரச் சொல்லிவிட்டார்கள் என்று மனைவி எழுதியிருந்தாள். அதன் கீழே ஒரு வரி. நீங்கள் பார்த்தது காணும், இனிப் போதும், நான் வந்து பார்க்கிறேன்.

கார்த்திகை மழையில் அவள் தனியாக வந்தாள். ஒரே நாளில் இரண்டு வீடு பார்க்க ஏற்பாடு. முதலாவது வத்தளையில். எட்டு மாதத் தேடலில் கிடைத்த முத்து அது. கடல் கிட்ட, கோயில் கிட்ட, கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடம் மதிலுக்கு மதில், வெள்ளிக்கிழமைக்குத் தடை இல்லை, கிணற்றுத் தண்ணீர் இளநீர். மாமனாரின் சேற்று மணத்தை மட்டும் மறைத்துவிட்டால் போதும். நான் குசினியைக் காட்டினேன், அலுமாரியைக் காட்டினேன். அவள் ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை. வாசற்படியில் இருந்து, கந்தோர் விட்டால் இங்கே எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டாள். பஸ்தான், பின்னேரத்தில் பாலத்தடியில் நெரிசல், ஏழு மணிக்குள் வந்துவிடலாம் என்றேன். எழும்பிச் சேலையைத் தட்டிக்கொண்டு, மற்ற வீட்டைக் காட்டச் சொன்னாள்.

மற்ற வீடு ராகமவில். அதை நான் கணக்குக்குத்தான் வைத்திருந்தேன். தண்டவாளத்துக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்ற வீடு. கோச்சி போனால் தட்டில் கோப்பைகள் ஆடும். கிணறு பக்கத்து வளவில். கடலுக்குப் போவதென்றால் சாப்பாடு கட்டிக்கொண்டு போகவேண்டும். மழைக்கு முன்விறாந்தையின் ஒரு மூலை ஒழுகியது. அதை நானே சுட்டிக்காட்டி, போகலாமா என்றேன். அவள் அதே கேள்வியைக் கேட்டாள். நாலரைக்குக் கந்தோர் விட்டால் ஐந்தேகாலுக்கு இங்கே நிற்கலாம், ஸ்டேசன் எட்டு நிமிட நடை என்றேன்.

"இது காணும்," என்றாள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. எட்டு மாதம் வெயிலிலும் மழையிலும் திரிந்து ஒரு நல்ல வீட்டைக் கண்டுபிடித்தால், நின்ற நிலையில் ஒரு ஒழுகல் வீட்டை எடுக்கிறாள். தண்ணீரைச் சொன்னேன், பள்ளிக்கூடத்தைச் சொன்னேன், கோப்பைகளைச் சொன்னேன், உன் அப்பா என்னைத் தின்றுவிடுவார் என்றேன்.

"நான் வீடு பாக்க வரேல்ல," என்றாள். "நீங்கள் எத்தினை மணிக்கு வருவீங்கள் எண்டு பாக்கத்தான் வந்தனான். பிள்ளை ஆறரைக்குப் படுத்திடுவாள். ஏழு மணிக்கு வந்து அவளின்ர முகத்தைப் பாக்கிறதுக்கு நீங்கள் கொட்டாஞ்சேனையிலேயே இருக்கலாம்."

எட்டு மாதமாக நானும் மாமனாரும் காற்றையும் மீனையும் வேதத்தையும் அளந்திருந்தோம். இந்த ஒரு கணக்கு இரண்டு ஆம்பிளைகளின் மண்டையிலும் ஏறவில்லை. அன்றைக்கு மீன் கேள்வியைக் கேட்கவே மறந்துபோனேன். வீட்டுக்காரர் அவராகவே, புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் நீர்கொழும்பு மீன்காரன் சைக்கிளில் வருவான் என்று சொன்னார்.

மார்கழி கடைசிக் கிழமையில், ஒரு வெள்ளிக்கிழமை, சாமான்களோடு வந்தார்கள். மாமனாரும் வந்தார். கடல் எங்கே என்று கேட்டார். மனைவி தண்டவாளத்தைக் காட்டினாள். சைக்கிள்காரனின் மீனைச் செவுள் திறந்து பார்த்து, இது செத்த பிறகு இரண்டு ஞாயிறு பூசை முடிந்திருக்கும் என்றார். விறாந்தையில் ஒழுக்குக்கு ஓலை செருகிக்கொடுத்துவிட்டு, சனிக்கிழமையே ஊருக்குக் கோச்சி ஏறினார். வெள்ளி இரவும் சனி இரவும் நான் சாமான் பெட்டிகளுக்கு நடுவில் முன்னறையில் பாய் போட்டுப் படுத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கலியாணம் கட்டிய நாளில் இருந்து ஊரில் இருந்த ஒவ்வொரு ஞாயிறு பின்னேரமும் பை கட்டியே பழக்கம். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் கதிரையில் பேப்பரோடு இருந்தேன். மகள் கதவுக்குப் பின்னால் இருந்து ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம். மூன்றாவது தரம் வெளியே வந்து முன்னால் நின்றாள்.

"நீங்கள் இண்டைக்குப் போகேல்லையோ?"

இல்லை என்றேன்.

"நாளைக்கு?"

நாளைக்குக் கந்தோருக்குப் போய்விட்டுப் பின்னேரமே வந்துவிடுவேன் என்றேன். அவள் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள். முகத்தில் மாமனாரின் சாடை தெரிந்தது.

"அப்ப எங்க படுப்பீங்கள்?"

"இஞ்சதான். எல்லா நாளும் இஞ்சதான்."

"அம்மாட்டக் கேட்டனீங்களோ?"

குசினியில் அகப்பைச் சத்தம் நின்றது. அங்கே மனைவி சிரிப்பை அடக்குகிறாளா அழுகையை அடக்குகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இல்லை, இன்னும் கேட்கவில்லை என்று மகளிடம் உண்மையைச் சொன்னேன். கேட்கவேண்டும் என்றாள். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழும்பிக் குசினிக்குப் போனேன். மகள் பின்னால் வந்து நிற்க, மனைவியிடம் கேட்டேன்.